ஜாங்கோ படிவம்: சேமிக்கும் வேலையை எங்கே எழுதுவது?

பைத்தான் மொழியின் வலைச்சட்டகமான ஜாங்கோவில் படிவத்தைச் சேமிக்கும்போது கூடுதலாக ஏதேனும் செய்ய வேண்டுமென்றால், அந்த வரிகளை வியூவில் (பக்கக் கோரிக்கைக்குப் பதில் தரும் நிரலில்) குவிக்காதீர்கள். நாளை அதே படிவத்தை வேறொரு பக்கத்தில் வைத்தால் அவை கூடவே வராது. மாடலிலிருந்து (தரவுத்தள அட்டவணையைக் குறிக்கும் கிளாஸிலிருந்து) உருவாகும் படிவமான மாடல்ஃபார்மின் சேவ் மெத்தடே உரிய இடம்.

உதாரணமாக, கட்டுரைப் படிவத்தைச் சேமிக்கும்போது எழுதியவரையும் சேர்க்க வேண்டுமா? பயனரைப் படிவத்துக்கு அனுப்பி, செல்ஃப்.இன்ஸ்டன்ஸில் (படிவம் சேமிக்கப்போகும் பொருளில்) நிரப்பிவிட்டு, சூப்பர் வழியாக மூல சேவ் மெத்தடை அழையுங்கள். உடனே தரவுத்தளத்தில் எழுத வேண்டுமா என்று சொல்லும் கமிட் மதிப்பையும் வந்தபடியே கடத்துங்கள். பலர் கமிட்டுக்கு ஃபால்ஸ் கொடுத்து, பொருளைத் தாங்களே சேமித்துவிட்டு, குறிச்சொற்கள் போன்ற பல-பல (மெனி-டு-மெனி) உறவுகளைச் சேமிக்கும் சேவ்_எம்2எம்மை அழைக்க மறந்துவிடுகிறார்கள். கட்டுரை பதிவாகிவிடும், தேர்ந்தெடுத்த குறிச்சொற்கள் மட்டும் பிழைச்செய்தியே இல்லாமல் காணாமல் போகும். ஒரு மாலை முழுவதும் நான் இதைத் தேடியிருக்கிறேன்.

படிவம் இல்லாமலும் நடக்க வேண்டிய வேலையை மாடலின் சேவ் மெத்தடில் வையுங்கள். ஆனால் பல பொருள்களை ஒரே முறையில் உருவாக்கும் பல்க்_கிரியேட் அதை அழைப்பதில்லை.