கண்ணில் கீறல் பட்டதா? பார்வை தெளியும்வரை செய்யக்கூடாதவை

மொரீஷியஸில் ஜூன் மாதம் கரும்பு வெட்டு தொடங்கினால் டிசம்பர் வரை நீளும். இயந்திரங்கள் வந்ததால், வெட்டும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். தோகையின் ஓரம் மட்டும் அதே கூர்மையோடுதான் இருக்கிறது. மலைப்பக்கம் சீனக் கொய்யா பறிக்கப் புதருக்குள் நுழைகிறவர்கள், தைப்பூசக் காவடிக்குத் தென்னங்கீற்று கட்டுகிறவர்கள், நகம் வெட்டாத கைக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறவர்கள் என்று கண்ணில் கீறல் வாங்க இங்கே வழிகள் ஏராளம்.

கீறல் விழுவது பெரும்பாலும் கார்னியாவின், அதாவது கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலத்தின், மேல்தோலில். கார்னியாவின் மொத்தத் தடிமனே நடுவில் அரை மில்லிமீட்டர்தான். மேல்தோல் அதில் பத்தில் ஒரு பங்கு. நரம்பு முனைகள் நெருக்கமாக இருப்பதால் சின்னக் கீறலுக்கும் உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஆனால் அந்தத் தோல் வேகமாக வளர்ந்து மூடிக்கொள்ளும். சிறிய கீறல் ஒன்று முதல் மூன்று நாளில் ஆறிவிடும், நாம் கெடுக்காமல் இருந்தால்.

கெடுப்பது தேய்ப்பதில் தொடங்குகிறது. உள்ளே எதுவும் இல்லாவிட்டாலும் கீறலே மணல் விழுந்தது போல உறுத்தும். இது தெரியாமல் துணி நுனியாலும் பஞ்சாலும் துழாவித் துழாவிக் காயத்தைப் பெரிதாக்குகிறோம். சுத்தமான தண்ணீரில் கழுவி, நாலு முறை இமைத்துப் பாருங்கள். அப்புறமும் உறுத்தினால் மருத்துவர் பார்க்கட்டும்; சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் பச்சையாகத் தெரியும். இரும்பைச் சுத்தியலால் அடிக்கும்போதோ கிரைண்டரில் தீட்டும்போதோ ஏதாவது தெறித்திருந்தால், கழுவுவதும் வேண்டாம், அழுத்துவதும் வேண்டாம். அது கண்ணைத் துளைத்திருக்கலாம். நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

மருத்துவரிடம் “என்னமோ பட்டுவிட்டது” என்று மட்டும் சொல்வதுதான் என் கணக்கில் பெரிய தவறு. எது பட்டது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. இலை, கிளை, மண் ஆகியவற்றோடு பூஞ்சை உள்ளே போகலாம். அது மறுநாளே காட்டிக்கொடுக்காது. வலி குறைந்து, ஆறிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது, சில நாளோ இரண்டு வாரமோ கழித்துக் கண் மறுபடி சிவக்கும், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரியும். அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த பழைய சொட்டு மருந்தை எடுத்து விட்டால், அதில் ஸ்டீராய்டு இருந்தால், பூஞ்சைக்கு விருந்துதான். சிவப்பு மட்டும் குறைந்து ஏமாற்றும். உள்ளே புண் ஆழமாகும். ஆறினாலும் தழும்பு நிற்கும், பார்வைக்கு நடுவே என்றால் மங்கல் நிரந்தரம்.

அடுத்தது மரத்துப்போகச் செய்யும் சொட்டு. பரிசோதனையின்போது ஒரு சொட்டு விட்டதும் வலி மாயமாகிவிடும். “அதையே கொடுங்கள் டாக்டர்” என்று கேட்பது இயல்பு, தரமாட்டார்கள். திரும்பத் திரும்ப விட்டால் தோல் வளர்வது தடைபடும், கார்னியாவே கரையக்கூடும். வலிக்குப் பாராசிட்டமால், வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி, இவை போதும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு எதுவும் வேண்டாம். பாட்டி சொன்னதில் பல நல்லது உண்டு, திறந்த காயத்துக்கு இது சேராது. கண்ணைக் கட்டி வைப்பதும் சின்னக் கீறலைச் சீக்கிரம் ஆற்றுவதில்லை. இலை பட்ட கண்ணையும் காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்த கண்ணையும் நீங்களாகக் கட்டவே கூடாது, கிருமி வளர அதுவே இடம் கொடுக்கும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை லென்ஸையும் தொடாதீர்கள்.

சரி, பார்வை எப்போது தெளியும்? வலி முதலில் போகும், தெளிவு பின்னால்தான் வரும். புதுத்தோல் சமமாகும்வரை எழுத்து நிழலடிக்கும். களிம்பு போட்டிருந்தால் அதுவும் மங்கலாக்கும். இந்த மங்கலுக்குப் பயந்து உடனே புதுக் கண்ணாடி எழுதி வாங்குவது வீண்செலவு. சில வாரம் பொறுங்கள், அதற்குள் கண்ணாடியின் எண் மாறிப்போகும். மாறாக, ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது தெளியாமல் மோசமானாலோ, ஒரு நாளுக்குப் பிறகும் வலி கூடினாலோ, சீழ் வந்தாலோ பொறுக்கக் கூடாது. மோக்காவில் நம் சுப்ரமணிய பாரதியின் பெயரிலேயே அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். செலவுக்குப் பயந்து தள்ளிப்போட இங்கே காரணம் இல்லை.

கடைசியாக ஒன்று. நகம், காகிதம், இலை கீறிய இடத்தில் புதுத்தோல் சில மாதம்வரை சரியாக ஒட்டாமல் இருக்கலாம். காலையில் கண் திறக்கும்போது இமையோடு சேர்ந்து உரிந்து, பழைய வலி திடீரென்று திரும்பும். இதற்காகத்தான் இரவில் போடும் களிம்பைச் சிலருக்கு வாரக்கணக்கில் எழுதிக் கொடுக்கிறார்கள். வலி இல்லை என்று அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். நிறுத்தாதீர்கள், எழுந்ததும் கண்ணைச் சட்டென்று திறக்காமல், மூடிய இமைக்குள் விழியை மெதுவாக அசைத்துவிட்டுத் திறங்கள்.