வாலிபால் டிஃபென்ஸ்: எதிரணி அடிக்கும்போது உங்கள் கால் எங்கே இருக்கிறது?

பின்வரிசையில் புதிதாக நிற்கும் ஒருவர் ஸ்மாஷைத் தவறவிட்டால், "கையைச் சேர்த்து வைப்பா" என்றுதான் முதல் குரல் எழும். அடுத்த முறை அவர் காலைப் பாருங்கள். எதிரணி ஆள் அடிக்கும் அந்தக் கணத்தில், பெரும்பாலும் பின்னாலோ பக்கவாட்டிலோ நகர்ந்துகொண்டிருப்பார். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் பந்து 7 மீட்டரைக் கடக்கக் கால் நொடிதான் ஆகும். அதற்குள் நின்று, திரும்பி, மறுபடி கிளம்புவது நடக்காத காரியம். அதனால் ஓடிப் பழகுவதற்கு முன் சரியான நேரத்தில் நிற்கப் பழகுங்கள்.

முதல் படி: நிற்கும் விதம்

கால்களைத் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக விரித்து வையுங்கள். எடை முன்பாதத்தில் இருக்கட்டும். குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதம் நுழையும் அளவு இடைவெளி போதும். முட்டி கால்விரல்களுக்கு முன்னே, தோள் முட்டிக்கு முன்னே. கைகளைக் கோத்துக்கொள்ள வேண்டாம். கோத்த கையோடு யாராலும் வேகமாக நகர முடியாது.

இரண்டாம் படி: இடம் மாறுதல்

இடது பின்பக்கம், அதாவது ஐந்தாம் இடத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பந்து எதிரணி செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) கைக்குப் போகும்போது வலையிலிருந்து சுமார் 5 மீட்டரில் இருங்கள். அவர் செட் செய்யாமல் சட்டென்று தட்டிவிட்டாலும் எட்டும். பந்து மேலே ஏறி, யார் அடிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் 7 மீட்டர் வரை பின்னால் போகலாம். பக்கக் கோட்டின் மேல் நிற்காதீர்கள், ஓர் அடி உள்ளே நில்லுங்கள். கோட்டுப் பக்கக் காலை, இங்கே இடது காலை, அரை அடி முன்னால் வைத்தால் உடம்பு தானாக மைதானத்துக்குள் திரும்பும். கையில் பட்ட பந்து வெளியே தெறிக்காமல் உள்ளே வரும்.

மூன்றாம் படி: சின்னக் குதி

எல்லாம் இதில்தான் இருக்கிறது. அடிப்பவர் மேலே எழும்பிக் கையைப் பின்னால் இழுக்கும்போது, தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழாத சின்னக் குதி ஒன்று போடுங்கள். அவர் கை பந்தைத் தொடுவதற்குச் சற்று முன் இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையில் இறங்க வேண்டும். அழுத்திவிட்ட ஸ்பிரிங் மாதிரி கால் எந்தப் பக்கமும் பாயத் தயாராக இருக்கும். உயரமாகக் குதித்தால் அடி விழும் நேரத்தில் காற்றில் இருப்பீர்கள். இன்னும் சரியான இடத்துக்குப் போய்ச் சேரவில்லையா? பரவாயில்லை, இருக்கும் இடத்திலேயே நின்றுவிடுங்கள். தவறான இடத்தில் நிற்பவர் எடுக்கும் பந்தைக்கூட, சரியான இடத்துக்கு ஓடிக்கொண்டிருப்பவர் விட்டுவிடுவார்.

நான்காம் படி: பந்தை நோக்கி

ஓரிரு அடி தூரம் என்றால் கால்களைக் குறுக்கே போடாமல் பக்கவாட்டில் நகருங்கள். அதற்கு மேல் என்றால் குறுக்குக்கால் போட்டு ஓடுங்கள். இரண்டிலும் தலை ஒரே உயரத்தில் இருக்கட்டும். நிமிர்ந்து, ஓடி, மறுபடி குனிவதில்தான் நேரம் போகிறது. பிளாக்குக்கு (வலையருகே தடுக்க எழும் கைகளுக்கு) மேல் மெல்லத் தட்டிவிடும் பந்துக்கும் இதேதான், நிமிராமல் முன்னால் பாயுங்கள். தலைக்கு மேல் போகும் பந்துக்குப் பின்னோக்கி ஓடாதீர்கள். ஒரு காலைப் பின்னால் வைத்து இடுப்பைத் திருப்பிவிட்டு ஓடுங்கள்.

பயிற்சி

வலைக்கு நேர் கீழே உள்ள நடுக்கோட்டுக்கும் தாக்குதல் கோட்டுக்கும் இடையே 3 மீட்டர். தாழ்ந்த நிலையிலேயே அந்த இடைவெளியில் 20 நொடி பக்கவாட்டில் போய் வாருங்கள், 40 நொடி ஓய்வு. ஐந்து முறை போதும்.

அப்புறம் நண்பர் ஒருவரை எதிரே நிற்கச் சொல்லுங்கள். அவர் அடிப்பதுபோல் கையை வீசுவார். நீங்கள் குதித்து இறங்குவீர்கள். அதன்பிறகே அவர் இடமோ வலமோ கை காட்டுவார். முதல் வாரம் பந்தே வேண்டாம். இரண்டாம் வாரம் கை காட்டுவதற்குப் பதில் பந்தை மெதுவாக வீசட்டும். செங்கல், மண் தரையென்றால் விழுந்து எடுக்கும் பயிற்சியை இதோடு சேர்க்காதீர்கள், முட்டி தாங்காது.

ஆட்டத்தின்போது யாரையாவது மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எதிரணிக் கை பந்தைத் தொடும் இடத்தில் நிறுத்தி உங்கள் பாதங்களைப் பாருங்கள். இரண்டும் தரையில் இருந்தால் சரி. ஒன்று மேலே இருந்தால் குதியை இன்னும் கொஞ்சம் முன்னதாகப் போட வேண்டும்.