புதிய வசதி கேட்கும் முன்

நாகர்கோவிலில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் முதலில் போவது இணையம்தான். அப்படி ஒரு மாலையில் கிரேடில் (நிரலைத் தொகுத்து மென்பொருளாக்கும் திறமூலக் கருவி) தனக்கு வேண்டிய நூலகங்களை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களை, இறக்க முடியாமல் நின்றுவிட, ‘இணையமில்லாமலும் இயங்கும் வசதி வேண்டும்’ என்று அதை உருவாக்குபவர்களுக்கு நீளமாக ஒரு கோரிக்கை எழுதினேன். அனுப்பும் முன் ஹெல்ப் கட்டளையை ஓட்டிப் பார்த்தால், ஆஃப்லைன் என்ற தெரிவு ஏற்கெனவே இருக்கிறது! (தேவையான நூலகங்களை முன்பே ஒருமுறை இறக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.)

நீங்களும் ஒரு வசதி கேட்கும் முன், கருவியின் கோரிக்கைப் பட்டியலில் முடித்துவைக்கப்பட்ட பழைய கோரிக்கைகளையும் தேடுங்கள்; மறுத்த காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அதன் பிறகும் எழுத வேண்டியிருந்தால், ‘இந்தத் தெரிவைச் சேருங்கள்’ என்பதைவிட, என்ன செய்ய முயன்றீர்கள், எந்தப் பதிப்பு, எங்கே நின்றது என்று சொல்லுங்கள். ஒரு கோரிக்கையில் ஒரே வசதி. ‘அவசரம்’ என்ற சொல் மட்டும் வேண்டாம். திறமூல மென்பொருள்களில் இந்தக் கோரிக்கைகளைப் படிப்பவர்களில் பலர் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள்.