சட்டையைத் தைத்தது நீங்களா, தையல்காரரா?

‘ஐ ரிமூவ்ட் மை டூத் எஸ்டர்டே.’ நாகர்கோவிலில் மாலையில் நான் எடுக்கும் இங்கிலீஷ் வகுப்பில் இந்த மாதிரி வாக்கியம் அடிக்கடி வந்து விழும். வருகிறவர்களில் பெரும்பாலோர் நர்ஸுகள். வெளிநாட்டு வேலைக்காகத் தேர்வு எழுதப்போகிறவர்கள். பல்லைப் பிடுங்கியது டாக்டர்தான். ஆனால் இதைக் கேட்கிற வெள்ளைக்காரருக்கு, இவரே குறடு எடுத்துப் பிடுங்கிக்கொண்டார் என்றுதான் தோன்றும்.

பல் எடுத்தேன், சட்டை தைத்தேன், பைக் சர்வீஸ் பண்ணினேன் என்று தமிழில் சொன்னால் யாரும் குழம்புவதில்லை. செய்தது வேறு ஆள் என்பதைக் கேட்கிறவரே புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அதை வாக்கியத்திலேயே காட்ட வேண்டும். முதலில் ‘ஹேவ்’, அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம் (‘கோ, வென்ட், கான்’ வரிசையில் ‘கான்’ மாதிரி): ஐ ஹேட் மை டூத் ரிமூவ்ட். சாதாரணப் பேச்சில் ‘ஹேவ்’ இடத்தில் ‘கெட்’ சகஜம்: ஐ காட் மை பைக் சர்வீஸ்ட்.

இது தமிழுக்குத் தெரியாத சங்கதி இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ என்கிறான், அதாவது நாம் கட்டுவித்த கற்கோயில். எடுத்த அல்ல, எடுப்பிச்ச. கல் அடுக்கியவர்கள் வேறு என்பது அந்த ‘ப்பி’யிலேயே வந்துவிடுகிறது. நம் அன்றாடப் பேச்சில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை, அவ்வளவுதான். (வேடிக்கை என்னவென்றால், கொத்தனாரை வைத்துக் கட்டிய வீட்டை இங்கிலீஷ்காரர்களும் ‘வீ பில்ட் எ ஹவுஸ்’ என்றே சொல்வதுண்டு.)

சறுக்கும் இடம் சொல்வரிசை. ‘ஐ ஹேட் ரிப்பேர்ட் மை போன்’ என்றால், வேறு எதற்கோ முன்னதாக நானே போனைச் சரிசெய்து முடித்திருந்தேன் என்று அர்த்தம். ‘ஐ ஹேட் மை போன் ரிப்பேர்ட்’ என்றால் கடையில் கொடுத்துச் சரிசெய்தேன். சொற்கள் அதே ஐந்துதான். ‘மை போன்’ எங்கே உட்காருகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

காலம் மாறினால் ‘ஹேவ்’ மாறும், கடைசிச் சொல் அசையாது. வீட்டில் இப்போது பெயின்டர் வேலை செய்துகொண்டிருந்தால், ‘ஐ ஆம் ஹேவிங் தி ஹவுஸ் பெயின்டட்’. நாளைக்கு என்றால், ‘ஐ வில் ஹேவ் இட் பெயின்டட்’. கேள்விக்கு ‘டிட்’ வேண்டும்: டிட் யூ ஹேவ் யுவர் பிளட் டெஸ்டட்? நர்ஸுகளுக்கு நான் மனப்பாடமே செய்யச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: ஹேவ் யூ ஹேட் யுவர் பிபி செக்ட் ரீசன்ட்லி? ஹேவ், ஹேட் இரண்டும் வருகிறதே என்று பயப்பட வேண்டாம். முதலாவது காலத்தைக் காட்ட, இரண்டாவதுதான் நம்முடைய ஆள்.

நாம் சொல்லிச் செய்யாத, நமக்கு நேர்ந்த கெட்டதுக்கும் இதே அமைப்புதான். ‘ஐ ஹேட் மை பர்ஸ் ஸ்டோலன்’ என்றால் பர்ஸ் திருட்டுப் போய்விட்டது. நீங்கள் ஆள் வைத்துத் திருடியதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

சரி, செய்தவரையும் குறிப்பிட வேண்டுமென்றால்? அப்போது மூன்றாம் வடிவம் போய் முதல் வடிவம் வரும்: ஐ ஹேட் தி எலெக்ட்ரீஷியன் செக் தி ஃபேன். ‘கெட்’ போட்டால் நடுவில் ஒரு ‘டு’ கட்டாயம்: ஐ காட் மை பிரதர் டு டிரைவ் மீ. இதில் தம்பியைக் கொஞ்சம் கெஞ்சிக் கூப்பிட்ட வாசனை அடிக்கும். ‘செய்ய வைத்தேன்’ என்பதற்கு நம்மவர்கள் சட்டென்று ‘மேட்’ போடுவார்கள். அது கட்டாயப்படுத்துவது. ‘ஐ மேட் தி டாக்டர் செக் மை பிபி’ என்றால் டாக்டரை மிரட்டி வேலை வாங்கியிருக்கிறீர்கள்.