கார் கதவின் உள் கைப்பிடியைக் கழற்றிய என் அனுபவம்

கதவை இழுத்துச் சாத்தும் உள் கைப்பிடி ஆடத் தொடங்கியது. ஸ்குரூ எதுவும் கண்ணில் படவில்லை. கைப்பிடியில் விரல் விடும் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் நகம் நுழையும் அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. அது ஒரு சின்ன மூடி. இங்கே இரும்பு ஸ்குரூடிரைவரை விடவே கூடாது, பிளாஸ்டிக்கில் வடு விழுந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் ஓரத்தில் மெதுவாக நெம்பினேன். டக்கென்று வந்தது. உள்ளே இரண்டு ஸ்குரூ. ஒன்று முக்கால்வாசி கழன்றே இருந்தது. ஆட்டத்துக்குக் காரணம் அதுதான்.

இரண்டையும் கழற்றியும் கைப்பிடி முழுதாக வரவில்லை. பலமாக இழுக்காமல் பின்னால் எட்டிப் பார்த்தது நல்லதாயிற்று: பவர் விண்டோ ஸ்விட்சின் ஒயர் மாட்டியிருந்தது. கனெக்டரின் நாக்கை அழுத்தி உருவினேன், கைப்பிடி கையோடு வந்தது. அப்புறம் திரும்ப மாட்டும்போது ஸ்குரூவை முதலில் விரலால் சுற்றி, பிறகுதான் அளவோடு இறுக்கினேன்.