விலை குறைந்த ஏர் ரைபிள்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கும் ஏர் ரைபிளை வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்பதுதான் என் பதில். 10 மீட்டர் தூரத்தில் காகித இலக்கைச் சுட்டுப் பழக அது போதும். ஆனால் நம் கொங்குப் பக்கத்தில் அதை வாங்குகிற பலருக்குக் காகித இலக்கு நினைப்பிலேயே இருப்பதில்லை. "வேகம் எத்தனைங்க, ஆயிரம் அடி வருமுங்களா?" என்றுதான் கடையில் முதல் கேள்வி வருகிறது. சிலர் தோட்டத்தில் மயில் தொல்லை தாங்கவில்லை என்று வாங்குகிறார்கள். சிலர் பையன் போட்டிக்குப் போகப் போகிறான் என்று, அவனைக் கடைக்குக் கூட்டிவராமலேயே வாங்கிப் போகிறார்கள்.

வேகத்தைப் பார்த்து வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பெட்டியின் மேல் நொடிக்கு 1000 அடி என்று போட்டிருக்கும். எந்த எடையுள்ள பெல்லட்டில், அதாவது ரைபிளில் போடும் சிறு ஈயக் குண்டில், அந்த வேகம் வந்தது என்று பெரும்பாலும் இருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். போட்டியில் வழக்கமாகப் பயன்படும் பெல்லட்டின் எடை 0.53 கிராம் அளவு. அது நொடிக்கு 1000 அடி வேகத்தில் பறந்தால் அதன் ஆற்றல் சுமார் 24.6 ஜூல். ஆனால் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ, பேரலின், அதாவது குழலின், துளை 4.5 மி.மீ.-ஐத் தாண்டினாலோ ஏர் ரைபிளுக்கும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் விற்கிற ரைபிள் ஆயிரம் அடி போகிறது என்றால், அந்த எண் 0.35 கிராம் போன்ற மிக லேசான பெல்லட்டைப் போட்டு எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். அந்த லேசான பெல்லட்டை வாங்கி வந்து சுட்டால் குறி சிதறும்.

வேகம் கூடினால் குறி கூடும் என்பது இல்லை என்பதற்குப் போட்டி ரைபிளே சாட்சி. லட்சங்களில் விலை போகும் ஃபைன்வெர்க்பாவ், வால்தர் ஆகிய ஜெர்மன் நிறுவனங்களின் ரைபிள்களில் பெல்லட் நொடிக்கு 170, 175 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. ஆற்றல் 8 ஜூல் பக்கம், சட்டம் அனுமதிப்பதில் பாதிகூட இல்லை. அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது இந்த 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில்தான். அந்த இலக்கில் பத்து மதிப்பெண் என்பது நடுவில் உள்ள அரை மில்லிமீட்டர் புள்ளி. அதைத் தொடுவதற்குத் தேவை, ஒவ்வொரு முறையும் ஒரே வேகம்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, நம் ஊருக்கே உரியது. கோவையைச் சுற்றி எந்தத் தெருவிலும் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. எதையும் கடைந்து கொடுக்கிற கை இருக்கிறது. "ஸ்பிரிங்கை மாத்திக் குடுத்தா இன்னும் நல்லா அடிக்குமுங்க" என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். இந்த விலை ரைபிளில் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை அழுத்தும், அந்தக் காற்றுதான் பெல்லட்டைத் தள்ளும். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் உதைப்பு கூடும், குறி கெடும், காற்றுக் கசியாமல் அடைக்கும் பிஸ்டன் சீல் சீக்கிரம் போகும். ஆற்றல் 20 ஜூலைத் தாண்டிவிட்டால் உங்கள் வீட்டில் இருப்பது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். 5.5 மி.மீ. துளையுள்ள ரைபிளை எங்கிருந்தோ மலிவாக வாங்கித் தருகிறேன் என்பவர் பேச்சையும் கேட்காதீர்கள். ஒழுங்கான கடையில் அடையாளச் சான்றைக் கொடுத்து வாங்கி, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் கொண்டு போகும்போது உறைக்குள் பூட்டிக் கொண்டு போங்கள்.

மயில் விஷயத்தை மனம் நொந்துதான் எழுதுகிறேன். தாராபுரம், காங்கேயம் பக்கம் கடலையும் சோளமும் போட்டவர்களின் கஷ்டம் பொய்யில்லை. விதைத்த அன்றே கிளறிவிட்டுப் போகிறது. ஆனாலும் மயில், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. காட்டுப்பன்றியை ஏர் ரைபிளால் சுட்டால் அது சாகாது. காயத்தோடு புதருக்குள் போய் நாள் கணக்கில் அவதிப்படும், எதிரே வருகிற ஆளையும் குத்தும். பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையில் மனுக் கொடுப்பதுதான் வழி. எத்தனை தாமதமானாலும் சரி, இந்த வேலைக்கு ரைபிள் வாங்காதீர்கள்.

அடுத்து, கூடவே இலவசமாக வருகிற டெலஸ்கோப். 10 மீட்டர் போட்டியில் டெலஸ்கோப்புக்கு இடமே இல்லை. மலிவான ஸ்கோப்பில் 10 மீட்டர் இலக்கு மங்கலாகத் தெரியும், கண்ணைச் சற்று நகர்த்தினால் குறியும் நகரும். ஸ்பிரிங் ரைபிளின் உதைப்பு பின்னாலும் முன்னாலும் இரண்டு பக்கமும் அடிப்பதால், ஸ்கோப்பின் பிடி கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல பீப் சைட், அதாவது சிறு துளை வழியே பார்த்துக் குறிவைக்கும் கருவி, பொருத்த வழியிருக்கிறதா என்று கேளுங்கள். போட்டிகளில், பள்ளமும் முனையும் சேர்த்துக் குறிவைக்கும் ஓப்பன் சைட்டும் பீப் சைட்டும் தனித்தனிப் பிரிவாக நடப்பதுண்டு. எந்தப் பிரிவில் சுடப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

கடையில் தூக்கிப் பார்த்து, பளபளப்பைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. பேரலை மடக்கும் மூட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வைத்துவிடுங்கள். தோளில் வைக்கும் மரக்கட்டையில் உள்ள திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ட்ரிகரை மெதுவாக இழுக்கும்போது எந்த இடத்தில் விடும் என்று விரலுக்குத் தெரிய வேண்டும். போட்டி ரைபிளின் ட்ரிகர் கிராம் கணக்கில் விடும். மலிவான ரைபிளில் கிலோ கணக்கில் இழுக்க வேண்டியிருக்கும். கனமாக இருப்பது பரவாயில்லை, பழகிவிடும். ஒரு முறை இங்கே, ஒரு முறை அங்கே என்று விட்டால்தான் பழகவே முடியாது. பெல்லட் போடாமல் மட்டும் சுட்டுப் பார்க்காதீர்கள், பிஸ்டன் அடிபடும்.

சுட இடம் இருந்தால் 10 மீட்டரில் ஐந்து பெல்லட் சுட்டுப் பாருங்கள். நோம்பிக் (திருவிழா) கடையில் பலூன் சுட்ட பழக்கத்தில் எல்லாரும் ரைபிளை இறுக்கிப் பிடிப்பார்கள். ஸ்பிரிங் ரைபிளுக்கு அது ஆகாது. பெல்லட் பேரலை விட்டுப் போகும் முன்பே பிஸ்டன் ஓடி ரைபிளை அசைத்துவிடும். அதனால் இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் ரைபிளைச் சும்மா இருத்தி வைத்து, தோளிலும் அழுத்தாமல் சுட வேண்டும். சுட்ட பிறகும் ஒரு விநாடி அசையாமல் குறியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிச் சுட்டு ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால், அந்த விலைக்கு அது நல்ல ரைபிள்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது உயரத்தையும் கைப்பலத்தையும் பாருங்கள். பேரலை மடக்கி ஏற்ற முடியாத பையனுக்கு அப்பா ஏற்றிக் கொடுப்பதைப் பார்க்கிறேன். தானே ஏற்ற முடியாத ரைபிள் அந்தப் பிள்ளைக்கு உரியதல்ல. பெல்லட் வைக்கும்போது பேரல் சட்டென்று மூடிக்கொண்டால் விரல் போய்விடும். மற்றொரு கை பேரலை விடவே கூடாது. சிறு பிள்ளையாக இருந்தால் எதையும் வாங்காமல் கோவை, ஈரோடு, சேலம் என்று அருகில் இருக்கிற ரைபிள் கிளப்பில் சேர்த்து, கிளப் ரைபிளிலேயே சில மாதம் சுடவிடுங்கள். ஆர்வம் நிலைக்கிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

கொஞ்சம் கூடப் போட்டு, அழுத்தக் காற்றில் இயங்கும் பி.சி.பி. ரைபிள் வாங்குகிறவர்கள் ரைபிளின் விலையை மட்டும் கணக்கில் வைக்கிறார்கள். காற்றை 200 பார் அழுத்தத்துக்கு அடைக்க பம்ப்போ சிலிண்டரோ வேண்டும், அது தனிச் செலவு. பழைய வெளிநாட்டு ரைபிளைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால், முதலில் காற்றுச் சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். சர்வதேசப் போட்டி விதிப்படி சிலிண்டரின் ஆயுள் 10 ஆண்டு. அது முடிந்திருந்தால் புதுச் சிலிண்டரின் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

ரைபிளுக்குச் செலவழித்துவிட்டுப் பெல்லட்டில் மிச்சம் பிடிப்பதும் வேண்டாம். காகிதத்துக்குத் தலை தட்டையான பெல்லட்தான் சரி. ஓட்டை வட்டமாக விழும், மதிப்பெண் தெளிவாகத் தெரியும். இரண்டு மூன்று வகை டப்பா வாங்கி, உங்கள் பேரலுக்கு எது ஒத்துப்போகிறது என்று பார்த்து அதையே தொடருங்கள். பெல்லட் ஈயம், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னாதீர்கள். தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) சுடுகிறவர்கள் கருங்கல் சுவரை இலக்குக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். பெல்லட் தெறித்து நேராகக் கண்ணுக்கு வரும். மணல் நிரப்பிய பெட்டியை வையுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் ஆளோ மாடோ வர வழி இல்லாமல் அடைத்துவிட்டுச் சுடுங்கள்.

சில மாதம் கழித்து, மதிப்பெண் ஏறவில்லை, பெரிய ரைபிள் வேண்டும் என்று பிள்ளை கேட்கும். உடனே பணத்தை எடுக்காமல் அதே ரைபிளைக் கிளப்பில் கோச்சிடம் கொடுத்துப் பத்துப் பெல்லட் சுடச் சொல்லுங்கள். அவர் சுட்டது ஒரே இடத்தில் கூடி விழுந்தால் ரைபிளில் குறையில்லை, இன்னும் கொஞ்ச நாள் அதிலேயே பழகட்டும். அவருக்கும் சிதறினால் திருகுகளை இறுக்கி, பெல்லட்டை மாற்றி மறுபடி சுடச் சொல்லுங்கள். அப்போதும் சிதறினால் மட்டும் அடுத்த ரைபிளைப் பார்க்கப் போங்கள்.