சேலையைப் பரிசாகச் சுற்றுவது எப்படி

கிறிஸ்துமஸுக்குச் சுங்குடிச் சேலை கொடுக்கப் போகிறீர்களா? அப்படியே கிஃப்ட் பேப்பரில் சுற்றாதீர்கள். துணிக்கு விளிம்பு நிற்காது, தொளதொளவென்றுதான் இருக்கும். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கும்போதே அட்டைப்பெட்டி கேட்டு வாங்கிவிடுங்கள். விலைச்சீட்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள்.

முதலில் ஃபேனை நிறுத்துங்கள். வேர்க்கும், பரவாயில்லை. டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி மேசை விளிம்பில் ஒட்டி வையுங்கள். பிறகு இரண்டு கையும் பேப்பருக்கே வேண்டும்.

பெட்டியைக் கவிழ்த்து வைத்து, பேப்பர் சுற்றிவந்து 2 அங்குலம் மேலேறும்படி வெட்டுங்கள். இரு முனைகளிலும் பெட்டி உயரத்தில் முக்கால் பங்கு நீண்டால் போதும். பலரும் இங்கேதான் தாராளம் காட்டுகிறார்கள். அந்த மிச்சம்தான் மூலையில் மூட்டையாகத் திரள்கிறது. எனக்குப் பார்க்கவே பொறுக்காது. தயங்காமல் வெட்டுங்கள். அப்புறம் ஓரங்களை உள்ளே தள்ளி, மடிப்பை நகத்தால் நீவி, மேல் மடலை இறக்கி, கீழ் மடலை ஏற்றி ஒட்டுங்கள். மினுமினுப்புத் தாள் மெலிசு, மூலையில் கிழியும். கொஞ்சம் கனமானதே நல்லது.

எங்கள் வீட்டில் கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்தில் நள்ளிரவுப் பூசை முடிந்துதான் பரிசு கைமாறும். பைக்குள் ரிப்பன் நசுங்கிவிடும் என்பதால் அதை அங்கே போய்த்தான் கட்டுவேன்.